கழுத்துத் தேய்மானத்தால் தலைசுற்றலா, காதால் வருவதா? நாலு மாதமாக ஏணி ஏற முடியவில்லை

வயர்மேன்_மன்னை (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 47. மன்னார்குடியில் 24 வருடமாக எலெக்ட்ரீஷியன் வேலை. வீட்டு ஒயரிங், மோட்டார் பேனல், மண்டபத்து சீரியல் லைட் எல்லாம் பார்ப்பேன். ஆனால் சோறு போடுவது சீலிங் ஃபேன்தான். அண்ணாந்து பார்த்தே பிழைக்கிறவன்.

நாலு மாதத்துக்கு முன்னால் தஞ்சாவூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். ஜன்னலோரம், லேசான தூக்கம். வடுவூர் தாண்டியதும் ஒரு மாடு குறுக்கே வந்துவிட்டது. டிரைவர் போட்ட பிரேக்கில் தலை முன்னால் போய்ப் பின்னால் வந்தது. எதிலும் இடிக்கவில்லை, காயம் இல்லை. மறுநாள் காலையில் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. வலது பக்கம், மண்டையும் கழுத்தும் சேருகிற இடத்தில் பிடித்துக்கொண்டது. தைலம் தேய்த்தேன், பாதி சரியானது.

பத்து நாள் கழித்து ஒரு வீட்டில் எட்டடி ஏணியில் நின்று ஃபேன் கப்பை மேலே தள்ளி ஸ்க்ரூ போட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று ரூமே சுற்றியது. ஃபேன் ராடைப் பிடித்துத் தொங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த பையன் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறான். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதிலிருந்து இதுதான் நிலைமை. தெருவில் நடந்தால் தரை மெத்தை மாதிரி இருக்கிறது. வண்டியில் போகும்போது வலது தோளுக்கு மேல் திரும்பிப் பின்னால் பார்த்தால் இடது பக்கம் இழுக்கிற மாதிரி ஒரு தள்ளாட்டம். கழுத்து வலி அதிகமான நாளில் இதுவும் அதிகம்.

பார்த்த வைத்தியம்: முதலில் குடும்ப டாக்டர். பிரஷர் 130/80, சுகர் இல்லை. வெர்டின் என்ற தலைசுற்றல் மாத்திரை கொடுத்தார். அப்புறம் எலும்பு டாக்டர். எக்ஸ்ரே பார்த்துவிட்டு "சி5, சி6 (கழுத்தின் ஐந்தாவது, ஆறாவது எலும்பு) தேய்மானம், அதனால்தான் தலைசுற்றல்" என்று காலர் மாட்டிவிட்டார். மூன்றாவது டாக்டர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். 6,500 ரூபாய். லேசான டிஸ்க் பல்ஜ் (எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் வட்டு பிதுங்கியிருப்பது) என்று ரிப்போர்ட். அவரும் கழுத்து என்றார். நடுவில் மெடிக்கலில் ஸ்டெமெட்டில் என்ற வாந்தி, தலைசுற்றல் மாத்திரை வாங்கி இரண்டு மாதமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். அம்மா பித்தம் என்று சொல்லி தினமும் இஞ்சிச் சாறு தருகிறார்.

இப்போது சலூன்காரர் ஒருவர், "கழுத்தைத் திருப்பி ரெண்டு பக்கமும் ஒரு சொடக்கு எடுத்தா நரம்பு நேராயிடும்ணே" என்கிறார். இதுவரை எடுத்ததில்லை. எடுக்கலாமா? இது நிஜமாகவே கழுத்துதானா? யாரிடம் போனால் தெரியும்?

---

மலைக்கோட்டை_மணி

அண்ணே, எனக்கும் இதே சி5, சி6. ஆறு மாதம் காலர் போட்டேன், தலையணையைத் தூக்கி எறிந்தேன், சரியாகிவிட்டது. பயப்படாதீர்கள். காலரை மட்டும் ராத்திரியும் கழற்றாதீர்கள்.

---

பிசியோ_கொங்கு

அண்ணா, நான் ஈரோட்டில் பிசியோதெரபிஸ்ட். 11 வருடமாகக் கழுத்து வலியும் தலைசுற்றலும் சேர்ந்து வருகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். நேரில் பார்க்காமல் உங்களுக்கு இதுதான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்ததும் சில கேள்விகள் வருகின்றன.

முதலில் சலூன். வேண்டவே வேண்டாம். கழுத்தெலும்புகளின் பக்கவாட்டுத் துளைகள் வழியாக மூளையின் பின்பகுதிக்கு இரண்டு ரத்தக்குழாய்கள் ஏறுகின்றன. கழுத்தை வெடுக்கென்று முறுக்கும்போது குழாயின் உள்சுவர் கிழிந்து, அங்கே ரத்தம் உறைந்து, பக்கவாதத்தில் முடிந்த கேஸ்கள் உண்டு. அபூர்வம்தான், ஆனால் அந்த ஒருவர் நீங்களாக இருக்க வேண்டாம். முறுக்கக்கூட வேண்டியதில்லை. பியூட்டி பார்லரில் கழுத்தைப் பின்னால் சாய்த்து முடி அலசியபோது பக்கவாதம் வந்த ஐந்து பேரைப் பற்றி 1993-ல் ஒரு அமெரிக்க நரம்பியல் மருத்துவர் எழுதியிருக்கிறார். அதிலும் உங்களுக்குக் கழுத்தில் அதிர்ச்சி பட்டு வலியும் சுற்றலும் இருக்கிறது. அந்தக் கழுத்தில் யாரும் சொடக்கு எடுக்கக் கூடாது, நான் உட்பட.

இதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இதுவரை இல்லாத மாதிரி கடுமையான கழுத்து வலியோ தலைவலியோ, கூடவே பொருள் இரண்டாகத் தெரிவது, பேச்சு குழறுவது, விழுங்க முடியாமை, முகத்திலோ கையிலோ ஒரு பக்கம் மரத்துப்போவது, எழுந்து நிற்கவே முடியாமல் போவது, இதில் எது வந்தாலும் பிசியோவும் வேண்டாம், வெர்டினும் வேண்டாம். 108-ஐக் கூப்பிட வேண்டியதுதான்.

அடுத்து, தேய்மானம். 47 வயதில் கழுத்தை எக்ஸ்ரே எடுத்தால் தேய்மானம் தெரியத்தான் செய்யும். ஜப்பானில் கழுத்துத் தொந்தரவு எதுவும் இல்லாத 1,211 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள் (2015-ல் வெளியானது). அதில் 87 சதவீதத்துக்கும் மேல் டிஸ்க் பல்ஜ். உங்கள் ரிப்போர்ட்டில் இருப்பது உங்கள் வயதைத்தான் சொல்கிறது. தலைசுற்றலுக்குக் காரணம் அதுதான் என்று படம் சொல்லாது.

கழுத்தால் வரும் தலைசுற்றலுக்கு ரத்தப் பரிசோதனையும் கிடையாது, ஸ்கேனும் கிடையாது. மற்றதெல்லாம் இல்லை என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்து, கடைசியில் மிஞ்சினால்தான் அந்தப் பெயர். உங்களுக்கு முதல் நாளே வைத்துவிட்டார்கள்.

இப்போது கேள்விகள். நம் ஆட்கள் எல்லாவற்றுக்கும் "மயக்கமா வருது" என்று ஒரே வார்த்தையாகச் சொல்லிவிடுவார்கள். நான் அங்கேயே நிறுத்திக் கேட்பேன். ரூம் சுற்றுகிறதா? கண் இருட்டிக்கொண்டு விழப்போகிற மாதிரியா? மிதக்கிற மாதிரியா? தலை தெளிவாக இருந்து கால் மட்டும் தள்ளாடுகிறதா? இந்த நாலும் நாலு வேறு வழிக்குப் போகும். நீங்கள் ஏணியில் "ரூமே சுற்றியது" என்கிறீர்கள், தெருவில் "மெத்தை மாதிரி" என்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகப் படவில்லை. கழுத்தால் வருவதில் ரூம் சுற்றுவது வழக்கமில்லை. மிதப்பும் தள்ளாட்டமும்தான் இருக்கும். கழுத்து வலியோடு ஏறி, வலியோடு இறங்கும்.

சுற்றினால் எவ்வளவு நேரம்? விநாடியா, நிமிடமா, மணிக்கணக்கா? கடிகாரம் பார்த்துச் சொல்லுங்கள், பயத்தில் எல்லோருக்கும் அரை மணி நேரம் மாதிரிதான் இருக்கும். படுக்கையில் புரண்டால் சுற்றுகிறதா? எந்தப் பக்கம்? காதில் இரைச்சல், அடைப்பு, ஒரு காது மந்தம்? தலைவலியோடு வெளிச்சமும் சத்தமும் பிடிக்காமல் போகிறதா? படுத்து எழுந்து நின்றால் வருகிறதா? பிரஷரை உட்கார்ந்த நிலையில் மட்டும் பார்த்திருப்பார்கள். ஐந்து நிமிடம் படுக்க வைத்துப் பார்த்து, எழுப்பி நிறுத்தி மூன்று நிமிடத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும். மேல் எண் 20-ஓ கீழ் எண் 10-ஓ இறங்கினால் அது பிரஷர் இறங்குவதால் வருவது, தனிக் கதை.

மணி அண்ணா கோபித்துக்கொள்ளக் கூடாது. காலரை ஆறு மாதம் இரவு பகலாகப் போட்டால் கழுத்துத் தசை சோம்பேறியாகிவிடும். உங்களுக்குச் சரியானது காலராலா, ஆறு மாதத்தாலா என்று எனக்குச் சந்தேகம்.

---

திண்டுக்கல்_டீச்சர்

மூன்று வருடம் "கழுத்துத் தேய்மானத் தலைசுற்றல்" என்ற பெயரில் வைத்தியம் பார்த்தவள் நான். சுற்றல் வந்தால் அரை நாள் நிற்கும். கழுத்து இறுகும். தலைவலி எப்போதாவதுதான் வரும் என்பதால் யாரும் அதைக் கேட்கவில்லை. கடைசியில் ஒரு நரம்பியல் டாக்டர், "சுற்றும்போது வகுப்பில் பிள்ளைகள் சத்தம் பொறுக்க முடிகிறதா?" என்று கேட்டார். பொறுக்க முடியாது. ட்யூப் லைட்டையும் அணைத்துவிடுவேன். வெஸ்டிபுலர் மைக்ரேன், அதாவது தலைசுற்றலாக வரும் ஒற்றைத் தலைவலி என்றார். கழுத்து வலியும் ஒற்றைத் தலைவலியோடு சேர்ந்தே வரக்கூடியதாம். ஒரு தடவை சுற்றல் வந்தால் ஐந்து நிமிடத்திலிருந்து 72 மணி நேரம் வரை நீடிக்கலாமாம். கழுத்து வலியும் தலைசுற்றலும் ஒன்றாக இருந்தால் கழுத்துதான் காரணம் என்று ஆகிவிடாது, அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.

---

வயர்மேன்_மன்னை

பிசியோ அம்மாவுக்கு நன்றி. சலூன் பக்கம் முடி வெட்ட மட்டும் போகிறேன்.

நீங்கள் கேட்ட பிறகு நாலு நாள் கவனித்தேன். இதை என்னிடம் யாரும் கேட்கவே இல்லை, நானும் சொல்லவில்லை: ராத்திரி வலது பக்கம் புரண்டால் ரூம் சுற்றுகிறது. தூக்கத்திலேயே முழித்துக்கொள்வேன். இடது பக்கம் ஒன்றும் இல்லை. அதனால் என்னை அறியாமலே இடது பக்கமாகவே படுத்துப் பழகியிருக்கிறேன். வீட்டுக்காரிதான் சொன்னார். செல்போனில் நேரம் வைத்துப் பார்த்தேன். 20 விநாடி, 25 விநாடி, அதற்கு மேல் இல்லை. நான் ஐந்து நிமிடம் என்று நினைத்திருந்தேன்.

பரண் மேல் எதையாவது எடுக்க அண்ணாந்தாலும் அதே. காதில் இரைச்சல் இல்லை, காது நன்றாகக் கேட்கிறது. தலைவலி இல்லை. பிரஷர் படுத்து 128/82, நின்று 124/80.

தெருவில் வரும் மிதப்பு வேறு மாதிரி. அது சுற்றாது. ஒரு மணி நேரம் கூட இருக்கும், கழுத்தைப் பிடித்துவிட்டால் குறைகிறது.

---

காது_மூக்கு_தொண்டை_பிஜி

முதுநிலை மாணவன், கா.மூ.தொ. பிரிவு. மேலே எழுதியிருக்கும் 20 விநாடி, வலது பக்கம் புரண்டால், அண்ணாந்தால் என்பதெல்லாம் பாடப்புத்தகத்தில் வரும் பி.பி.பி.வி. (தலையின் நிலை மாறும்போது சற்று நேரம் சுற்றும் உள்காதுப் பிரச்சினை) மாதிரி இருக்கிறது. இதற்கு எம்.ஆர்.ஐ. தேவையில்லை, ஒரு கட்டில் போதும்.

உள்காதில் ஒரு சின்னப் பையின் மேல் கால்சியம் கார்பனேட் துகள்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். அதிர்ச்சியிலோ வயதாலோ சில கழன்று அரைவட்டக் குழாய்க்குள் விழுந்துவிடும். பெரும்பாலும் பின்குழாய். தலை சாயும்போது துகள் உருள, உள்ளே இருக்கும் திரவம் நகர, தலை சுழல்கிறது என்று மூளை நம்பிவிடும். பஸ் பிரேக் கழுத்தையும் பிடித்திருக்கலாம், துகளையும் கழற்றியிருக்கலாம். இரண்டும் ஒரே நாளில் நடக்கக் கூடியதுதான்.

சோதனையின் பெயர் டிக்ஸ்-ஹால்பைக், 1952-லிருந்து இருக்கிறது. தலையை 45 டிகிரி ஒரு பக்கம் திருப்பி வேகமாகப் படுக்க வைத்து, தலை கட்டில் விளிம்புக்குச் சற்றுக் கீழே தொங்க, கண்ணைப் பார்ப்போம். சில விநாடி கழித்துக் கண் மேல்நோக்கிச் சுழன்று துடித்து, ஒரு நிமிடத்துக்குள் அடங்கினால் முடிந்தது விஷயம். நோயாளி "சுற்றுது" என்று சொல்வது எனக்கு இரண்டாம் பட்சம், கண் பொய் சொல்லாது. ஆனால் கழுத்து வலி இருப்பவர் இதை யூடியூப் பார்த்துத் தனியாகச் செய்ய வேண்டாம்.

அண்ணாந்தால் சுற்றுகிறது, ஆகவே கழுத்து என்பது எங்கள் ஓ.பி.யில் தினமும் கேட்கிற தவறு. கழுத்தை அண்ணாக்கும்போது தலையும் அண்ணாக்கிறது, தலையோடு காதும் போகிறது. என்னைக் கேட்டால் கழுத்தால் தலைசுற்றல் என்ற பெயரே சந்தேகத்துக்குரியது. 1955-ல் ரயன், கோப் என்ற இருவர் லான்செட்டில் எழுதி வைத்த பெயர் அது. எழுபது வருடமாகியும் அதை உறுதி செய்ய ஒரு சோதனை இல்லை.

ஸ்டெமெட்டிலை இரண்டு மாதமாகவா? அது ஓரிரு நாள் வாந்தியோடு சுற்றும்போது கொடுப்பது. நீண்ட நாள் போட்டால் மூளை தானாகச் சமாளித்துக்கொள்வதைத் தடுக்கும், கை நடுக்கம் கூட வரலாம். உங்கள் டாக்டரிடம் சொல்லி நிறுத்துங்கள்.

---

பிசியோ_கொங்கு

பிஜி தம்பி சொன்ன பி.பி.பி.வி.யை நானும் ஒப்புக்கொள்கிறேன், அதை முதலில் பார்க்க வேண்டும். பெயரே சந்தேகம் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கழுத்தின் மேல் மூன்று மூட்டுகளிலும் அதைச் சுற்றிய குட்டித் தசைகளிலும், தலை உடம்பின் மேல் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று சொல்லும் உணர்விகள் ஏராளம். அந்தச் செய்தி, காதும் கண்ணும் அனுப்புவதோடு மூளைத்தண்டில் சேருகிறது. மூன்றில் ஒன்று தப்பாகச் சொன்னால் குழப்பம். 1977-ல் வெளியான ஒரு சோதனையில் கழுத்தின் ஆழத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டபோது மனிதர்களே தள்ளாடியிருக்கிறார்கள். காதை யாரும் தொடவில்லை.

பிரித்துப் பார்க்கவும் வழி இருக்கிறது. சுழல் நாற்காலியில் உட்கார வைத்து, தலையை நான் இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொள்வேன். கண் மூடியிருக்கும். காலால் நாற்காலியை மெல்லத் திருப்பச் சொல்வேன். தலை நிற்கிறது, அதனால் காது அசையவில்லை. கீழே உடம்பு திரும்புவதால் கழுத்து முறுக்குகிறது. இப்போது மிதப்பு வந்தால் கழுத்தின் மேல் சந்தேகம். அடுத்து தலையும் உடம்பும் ஒரே கட்டையாகத் திரும்பினால் காது மட்டும் வேலை செய்கிறது. இதில் வந்தால் காது. இந்தச் சோதனை தனியாக எதையும் நிரூபித்துவிடாது, அதுவும் உண்மை. மற்ற எல்லாம் கழிந்த பிறகு செய்தால் பொருள் உண்டு.

அண்ணா, நீங்கள் முதலில் கா.மூ.தொ. டாக்டரிடம் போங்கள். ரூம் சுற்றுவது போன பிறகும் மெத்தை நடை மிச்சமிருந்தால் அப்போது கழுத்தைப் பேசலாம்.

---

அப்பாவின்_மகள்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. எல்லாம் வயதைத்தான் சொல்லும் என்று மேலே படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

என் அப்பாவுக்கு அப்போது 66. "தள்ளாட்டமா இருக்கு" என்றார். எட்டு மாதம் தலைசுற்றல் மாத்திரை. அப்பாவுக்குச் சுற்றவே இல்லை, தலை தெளிவாக இருந்தது. கால்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. வீட்டுக்குள் வந்த பிறகுதான் ஒரு செருப்பு வாசலில் கழன்று கிடப்பது அவருக்கே தெரியும். சட்டைப் பொத்தான் போட நேரம் ஆகும். வேட்டியை இடுப்பில் செருகுகிற அந்த மடிப்பு நிற்காது. ரேஷன் கடையில் கையெழுத்து மாறிவிட்டது என்றார்கள். நாங்கள் எல்லோரும் வயதாகிவிட்டது என்று நினைத்தோம். குனிந்தால் முதுகில் கரண்ட் ஓடுகிறது என்று ஒருநாள் அவர் சொன்னதை வைத்துத்தான் ஒரு டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நடுவிரல் நகத்தைச் சுண்டிப் பார்த்தார், கட்டைவிரல் தானாக மடங்கியது. எம்.ஆர்.ஐ.யில் கழுத்தில் தண்டுவடமே நசுங்கியிருந்தது. அறுவை சிகிச்சை செய்தார்கள். மேலும் மோசமாகாமல் நின்றது. கை பாதிதான் திரும்பியது. எட்டு மாதம் முன்னால் எடுத்திருந்தால் என்று இன்னும் அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறார்.

---

பிசியோ_கொங்கு

அக்கா, நீங்கள் சொல்வது சரி, நான் அரைகுறையாக எழுதிவிட்டேன். டிஸ்க் பல்ஜ் வேறு, தண்டுவடம் நசுங்குவது வேறு. சுற்றல் இல்லாமல் நடை மட்டும் கெட்டால், கை விரல் வேலை தடுமாறினால், சிறுநீர் அடக்க முடியாமல் போனால் எம்.ஆர்.ஐ.யைத் தள்ளிப்போடக் கூடாது. மன்னை அண்ணாவுக்கு ஏற்கனவே எடுத்தாயிற்று. தண்டுவடத்தில் அழுத்தம் இருக்கிறதா என்று ரிப்போர்ட்டில் பார்த்துச் சொல்லுங்கள் அண்ணா. கூடவே வைட்டமின் பி12 அளவும் பார்த்துவிடுங்கள். அது குறைந்தாலும் கால் உணர்வு மங்கித் தள்ளாடும். முகம் கழுவக் கண்ணை மூடும்போதும் இருட்டிலும் அதிகமாகும்.

---

வயர்மேன்_மன்னை

ரிப்போர்ட்டில் "தண்டுவடத்தில் அழுத்தம் இல்லை" என்று இருக்கிறது. பி12 சரியாக இருக்கிறது. ஒயர் முனையைச் சீவி முறுக்குகிற வேலை விரலுக்கு இன்னும் வருகிறது, அதனால் அந்தப் பயம் இல்லை. அப்பா கதையைப் படித்துவிட்டு அன்றைக்கே பத்து தடவை சட்டைப் பொத்தானைப் போட்டுப் போட்டுக் கழற்றினேன்.

ஸ்டெமெட்டிலை டாக்டரிடம் சொல்லி நிறுத்தியாயிற்று. நேற்று கா.மூ.தொ. டாக்டரைப் பார்த்தேன். பிஜி தம்பி சொன்ன அதே கட்டில். இடது பக்கம் படுக்க வைத்தார், ஒன்றும் இல்லை. வலது பக்கம் படுக்க வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று மனசுக்குள் எண்ணினேன், நாலாவதில் சீலிங் கிளம்பியது. கட்டிலைப் பிடித்துக் கத்திவிட்டேன். கூட வந்த என் பையன் கண்ணை செல்போனில் பதிவு செய்திருக்கிறான். அப்புறம் பார்த்தேன். என் கண் என் பேச்சைக் கேட்காமல் தானாக ஆடுவதைப் பார்ப்பது ஒரு மாதிரியாக இருந்தது.

சிகிச்சையும் அங்கேயே. எப்லி என்று பெயர் சொன்னார். அதே நிலையில் ஒரு நிமிடம், தலையை மெல்ல இடது பக்கம், அப்புறம் உடம்போடு இன்னும் திருப்பி மூக்கு தரையைப் பார்க்கிற மாதிரி, அப்படியே எழுந்து உட்கார வேண்டும். கழுத்து வலி இருப்பதால் தலையைத் தொங்கவிடாமல் தோளுக்கடியில் தலையணை வைத்துச் செய்தார். இரண்டு தடவை. மொத்தமே பத்து நிமிடம். வெளியே வரும்போது நாலு மாதம், மூன்று டாக்டர், 6,500 ரூபாய் என்று கணக்குப் போட்டேன். சொல்ல ஒன்றும் இல்லை.

ராத்திரி வேண்டுமென்றே வலது பக்கம் புரண்டேன். சுற்றவில்லை. வீட்டுக்காரியை எழுப்பிச் சொன்னேன். "தூங்கவிடுங்க" என்றார்.

---

காது_மூக்கு_தொண்டை_பிஜி

நல்லது அண்ணே. இரண்டு மூன்று வாரம் லேசான மிதப்பு இருக்கலாம், அது துகள் போன பிறகு வரும் மிச்சம். திரும்ப வரவும் செய்யும். வந்தால் அதே கட்டில்தான்.

---

வயர்மேன்_மன்னை

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ரூம் சுற்றுவது முழுக்க நின்றுவிட்டது. மறுபடி டாக்டர் படுக்க வைத்துப் பார்த்தார், கண் ஆடவில்லை. ஆனால் வண்டியில் வலது பக்கம் திரும்பினால் தள்ளாட்டமும், கழுத்து பிடித்த நாளில் மெத்தை நடையும் அப்படியே இருக்கின்றன. அவரே, "இது என் டிபார்ட்மென்ட் இல்லை" என்று தஞ்சாவூரில் ஒரு பிசியோவிடம் அனுப்பினார்.

அங்கே அந்த சுழல் நாற்காலி. தலையைப் பிடித்துக்கொண்டார், நான் காலால் நாற்காலியை இடது பக்கம் தள்ளினேன். தலை நிற்கிறது, உடம்பு மட்டும் போகிறது. பத்து விநாடியில் தெருவில் வருகிற அதே மிதப்பு. வேறு எதுவும் இல்லை, அதேதான். மொத்தமாகச் சேர்ந்து திரும்பினால் ஒன்றுமில்லை. எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஒரு ஸ்விட்சில் ரெண்டு லைன் ஓடி எம்.சி.பி. (ஃபால்ட் வந்தால் தானாகக் கரண்டை நிறுத்துவது) விழுந்தால் நாங்கள் என்ன செய்வோம்? ஒரு லைனைக் கழற்றிவிட்டு ஸ்விட்சைப் போட்டுப் பார்ப்போம். எனக்கு ரெண்டு லைனிலும் ஃபால்ட். ஒன்றைச் சரி செய்தும் எம்.சி.பி. விழுந்துகொண்டிருந்தது.

இன்னொரு சோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது. நெற்றியில் பட்டை கட்டி அதில் லேசர் டார்ச். சுவரிலிருந்து 90 சென்டிமீட்டர் தள்ளி உட்கார வேண்டும். லேசர் புள்ளி விழுகிற இடத்தில் ஒரு குறி. கண்ணை மூடித் தலையை வலது பக்கம் முழுக்கத் திருப்பி, மறுபடி நேராகக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். கண்ணைத் திறந்தால் புள்ளி குறியில் இருக்க வேண்டும். எனக்குப் பத்து தடவை சராசரி 9 சென்டிமீட்டர் தள்ளி. நான் நேராக இருக்கிறேன் என்று சத்தியம் பண்ணியிருப்பேன். இடது பக்கம் திருப்பி வந்தால் 3 சென்டிமீட்டர்தான். நாலரை டிகிரிக்கு மேல், அதாவது இந்தத் தூரத்துக்கு ஏழு சென்டிமீட்டர் தாண்டினால் கழுத்துக் கணக்கு தப்பு என்று வைத்திருக்கிறார்களாம்.

---

பிசியோ_கொங்கு

அண்ணா, இதைவிடத் தெளிவாக நானே எழுதியிருக்க மாட்டேன். என்ன பயிற்சி கொடுத்திருக்கிறார்கள்?

---

வயர்மேன்_மன்னை

மல்லாந்து படுத்து, தலையைத் தூக்காமல் தாடையை மட்டும் "ஆமாம்" என்கிற மாதிரி லேசாக உள்ளே இழுத்துப் பத்து விநாடி, பத்து தடவை. பார்க்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும், ஆறாவதில் கழுத்து நடுங்கும். சுவரில் ஒட்டிய ஒரு எழுத்தைப் பார்த்துக்கொண்டே தலையைத் திருப்புவது. நான் "அ" ஒட்டியிருக்கிறேன். அப்புறம் லேசரால் சுவரில் எட்டு போடுவது. லேசர் நம்மிடம் ஏற்கனவே இருக்கிறது, லெவல் பார்க்க வாங்கியது. வாரம் ஒரு தடவை அவர் மேல் கழுத்து மூட்டை மெல்ல அழுத்தி நகர்த்துகிறார், சொடக்கு சத்தமே இல்லை. காலர் பரண் மேல் போய்விட்டது.

ஏழு வாரம் ஆகிறது. நேற்று அளந்ததில் 4 சென்டிமீட்டர். மெத்தை நடை வாரத்துக்கு ஒரு நாள்தான், அதுவும் முந்தின நாள் கன்சீல்டு வேலை (சுவருக்குள் ஒயர் பதிப்பது) பார்த்திருந்தால். இஞ்சிச் சாறு தொடர்கிறது, அதை நிறுத்த எந்த டாக்டராலும் முடியாது. அம்மாவைப் பொறுத்தவரை குணமானதே அதனால்தான்.

நாலடி ஸ்டூலில் ஏறிவிட்டேன். எட்டடி ஏணியில் பையன்தான் ஏறுகிறான். நான் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டு, கப்பை இன்னும் மேலே தள்ளுடா என்று சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறேன்.